ஒழுங்கை நம்பியவர்

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரக் கல்லறைத் தோட்டத்தில் ஆடம்பரமில்லாத ஒரு நெடுங்கல் நிற்கிறது. மேலே மாக்ஸ் பிளாங்க் என்ற பெயர். கீழே, தரையை ஒட்டி, ஓர் எண். ஒரு புள்ளி வைத்து, 26 பூஜ்யங்கள் போட்டு, அதன் பின் 662 என்று எழுதினால் எவ்வளவோ அவ்வளவு. ஆனால் தாதர் மார்க்கெட்டில் வெங்காயம் நிறுப்பவரும் கரோல்பாகில் பாதாம் நிறுப்பவரும் இன்று அந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டவர்கள். பாரிசுக்கு அருகே பெட்டகத்தில் பூட்டி வைத்த உலோக உருளைதான் கிலோ என்ற நிலை 2019 மே 20-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. அன்றிலிருந்து கிலோவுக்கு ஆதாரம் பிளாங்க் மாறிலி என்ற அந்த எண்தான்.

பாடப் புத்தகங்கள் பிளாங்குக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு ஐன்ஸ்டீனைப் பார்க்க ஓடிவிடுகின்றன. மாணவர்களுக்கு மிஞ்சுவது ஒரு மாறிலியும், ஒரு வழுக்கைத் தலையும், ஒரு மீசையும். அந்த மனிதருக்கு ஐந்து பிள்ளைகள் என்பதும், அவர்களில் நால்வர் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள் என்பதும், பியானோ முன் உட்கார்ந்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது என்பதும், கடைசி வரை ஒரு சர்ச்சின் மூப்பராக இருந்தார் என்பதும் தேர்வுக்கு வராத விஷயங்கள்.

1858-ல் கீல் நகரத்தில் பிறந்தார் பிளாங்க். தந்தை சட்டப் பேராசிரியர். தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவும் இறையியல் பேராசிரியர்கள். சட்டமும் வேதமும் புழங்கிய அந்தக் குடும்பத்தில் ஒழுங்கு என்பது சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது. மூனிக் நகரப் பள்ளியில் ஹெர்மன் முல்லர் என்ற கணக்கு வாத்தியார் ஒரு நாள் கொத்தனார் கதை சொன்னார். கொத்தனார் மூச்சு வாங்க ஒரு கல்லைக் கூரைக்கு ஏற்றுகிறார். அவர் பட்ட பாடு வீணாகவில்லை. கல்லுக்குள் பத்திரமாக இருக்கிறது. என்றைக்காவது அந்தக் கல் பெயர்ந்து விழும்போது அத்தனையும் திரும்பக் கிடைக்கும். சக்தி அழிவதில்லை என்ற விதிக்கு இதைவிட எளிய உதாரணம் கிடையாது. மனிதன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லுபடியாகும் ஒரு சட்டம் உலகத்தில் இருக்கிறது என்ற செய்தி சிறுவன் பிளாங்குக்கு ஒரு சுவிசேஷம் மாதிரி இருந்ததாம். பல பத்தாண்டுகள் கழித்து எழுதிய சுயசரிதைக் குறிப்பில் அவரே அப்படித்தான் சொல்கிறார்.

பௌதிகம் அவரைச் சுலபமாகப் பெற்றுவிடவில்லை. பையனுக்குச் சங்கீதம் கைவந்த கலை. பியானோ, ஆர்கன், செல்லோ மூன்றும் வாசிப்பார். ஒரு ஸ்வரத்தைக் கேட்ட மாத்திரத்தில் அது எது என்று சொல்லும் காது. மாணவப் பருவத்திலேயே பாட்டுகளும் ஒரு சின்ன இசை நாடகமும் எழுதினார். சங்கீதத்தையே தொழிலாகக் கொள்ளலாமா என்று ஒரு வித்வானிடம் யோசனை கேட்டார் என்றும், 'கேட்க வேண்டியிருக்கிறதென்றால் வேறு ஏதாவது படி' என்ற பொருளில் பதில் வந்தது என்றும் சொல்வார்கள். பௌதிகத்தின் வாசலிலும் வரவேற்பில்லை. இந்தத் துறையில் எல்லாவற்றையும் கண்டுபிடித்தாகிவிட்டது, ஓட்டை உடைசல்களை அடைப்பதுதான் பாக்கி என்று பேராசிரியர் யோலி எச்சரித்தார். புதிதாக எதையும் கண்டுபிடிக்க ஆசையில்லை, இருப்பதைப் புரிந்துகொண்டால் போதும் என்றார் இளைஞர். விஞ்ஞான சரித்திரத்தில் இவ்வளவு மோசமாகப் பொய்த்துப்போன அடக்கம் வேறு இருக்காது.

1887-ல் மூனிக் வங்கியாளர் ஒருவரின் மகள் மாரீ மெர்க்கை மணந்தார். மூத்தவன் கார்ல், இரட்டைப் பெண்கள் எம்மாவும் கிரேட்டேவும், கடைக்குட்டி எர்வின். 1889-ல் பெர்லின் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. அங்கே அவரிடம் ஒரு விசித்திரமான வேலை வந்தது. ஒரு ஸ்தாயிக்குள் 104 ஸ்வரஸ்தானங்கள் வைத்துச் செய்த ராட்சச ஹார்மோனியம் ஒன்றை ஆராய வேண்டும். நம் சாஸ்திரத்தின் 22 சுருதிகளையே எண்ணி முடிக்க முடியாமல் சண்டை போடுகிறவர்களுக்கு இதன் பிரம்மாண்டம் புரியும். கணித விகிதப்படி துல்லியமான ஸ்வரம் ஒரு பக்கம். பன்னிரண்டையும் சமமாகப் பங்கிட்டு, எல்லாவற்றிலும் துளித்துளி பிசகு வைத்த சாதாரணப் பியானோவின் ஸ்வரம் இன்னொரு பக்கம். எது இனிமை? பல மாதம் வாசித்தும் கேட்டும் பார்த்த பிளாங்க், பியானோ ஸ்வரம்தான் காதுக்கு இதம் என்று முடிவு கட்டினார். இதே பிசகுக்காகத்தான் ஹார்மோனியத்தை ஒரு காலத்தில் நம் அகில இந்திய வானொலி பல ஆண்டுகள் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. கேட்டுக் கேட்டுப் பழகியதைக் காது நியாயம் என்று எடுத்துக்கொள்ளும் என்பதைப் பிளாங்க் அப்போதே புரிந்துகொண்டிருந்தார். அந்த ஞானம் பின்னாளில் அரசியலில் அவருக்கு எவ்வளவு உதவியது என்பது வேறு கேள்வி.

அடுத்த பத்து ஆண்டுகளில் நடந்ததுதான் புத்தகத்தில் ஏறிய கதை. கொல்லன் உலையில் இரும்பு காய்ச்சக் காய்ச்சச் சிவக்கிறது, மஞ்சளாகிறது, வெளுக்கிறது. எந்தச் சூட்டில் எந்த நிறம், எவ்வளவு? மின்சார விளக்குகள் பரவிக்கொண்டிருந்த பெர்லினுக்கு இது காசு சம்பந்தப்பட்ட கேள்வி. அரசாங்கத்தின் அளவைக் கூடம் சளைக்காமல் அளந்துகொண்டிருந்தது. அளவுகள் கிடைத்தன; பழைய பௌதிகத்தின் கணக்கு அவற்றோடு ஒட்டவில்லை. 1900 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. சோதனைகள் செய்துவந்த ஹைன்ரிக் ரூபென்ஸ் மனைவியோடு பிளாங்க் வீட்டுக்குத் தேநீருக்கு வந்தார். பேச்சுவாக்கில் புதிய அளவுகளைச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவே பிளாங்க் ஒரு சூத்திரம் எழுதினார். அது அச்சாகப் பொருந்தியது. ஏன் பொருந்துகிறது என்றுதான் அவருக்கே தெரியவில்லை.

அந்த 'ஏன்' அவரைப் பாடாய்ப் படுத்தியது. டிசம்பர் 14-ஆம் தேதி பெர்லின் விஞ்ஞானிகள் முன் அவர் வைத்த விளக்கம் இதுதான்: சக்தி தண்ணீர் மாதிரி ஓடுவதில்லை, சில்லறையாகத்தான் கைமாறுகிறது. வயலின் தந்தியில் விரல் வழுக்கிக்கொண்டே போகலாம். ஹார்மோனியத்தில் கட்டை விட்டுக் கட்டைக்குத் தாவத்தான் வேண்டும், நடுவில் நிற்க இடமில்லை. இயற்கை வயலின் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. பிளாங்கின் கணக்கு அதை ஹார்மோனியம் என்றது. ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தைத் தீர்மானிப்பதுதான் கல்லறைக் கல்லில் இருக்கும் எண்.

ஒழுங்கைத் தேடிப் போனவருக்குக் கிடைத்தது முறிவு. அவருக்கு அது பிடிக்கவில்லை. வேறு வழியில்லாமல், எந்த விலை கொடுத்தாவது ஒரு விளக்கம் வேண்டும் என்ற நிலையில் செய்த காரியம் என்று பின்னாளில் எழுதினார். சில்லறையை மறுபடி நோட்டாக மாற்ற முடியுமா என்று பல ஆண்டுகள் முயன்று தோற்றார். ஆனால் தான் செய்தது சின்னக் காரியமில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஏழு வயது எர்வினைக் குருனேவால்ட் காட்டில் நடத்திக் கூட்டிப்போகும்போது, நியூட்டனுக்குச் சமமான ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாக அப்பா சொன்னார் என்று மகன் பெரியவனான பிறகு நினைவுகூர்ந்தான். சக விஞ்ஞானிகளிடம் சொல்லக் கூச்சப்பட்டதை மகனிடம் சொல்லியிருக்கிறார்.

பிளாங்கின் சூத்திரத்துக்கு அவரே கொடுத்த நிரூபணத்தில் ஓர் ஒட்டு இருந்தது. பாதி பழைய பௌதிகம், பாதி புதியது. டாக்காவில் மாணவர்களுக்கு அதைப் பாடம் நடத்திய சத்யேந்திரநாத் போஸுக்கு அது உறுத்தியது. ஒட்டில்லாமல் தாமே நிரூபித்து 1924-ல் ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் தன் கையால் அதை ஜெர்மன் மொழிக்கு மாற்றி அச்சேற்றினார். போஸும் எஸ்ராஜ் வாசிப்பவர் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1905-ல் பிளாங்க் குடும்பம் குருனேவால்டில் வாங்கன்ஹைம் தெருவில் வீடு கட்டிக்கொண்டு குடியேறியது. பேராசிரியர்களும் பாதிரிமார்களும் நிறைந்த பேட்டை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து பாடுவார்கள். பிளாங்க் பியானோவில் இருப்பார். 1914-ல் பெர்லினுக்கு வந்த ஐன்ஸ்டீன் வயலினோடு வந்து சேர்ந்துகொள்வார். பல்கலைக்கழகத்தில் பெண்களா என்று ஒரு காலத்தில் தயங்கிய பிளாங்க், வியன்னாவிலிருந்து வந்த லீஸ மைட்னரைத் தன் வகுப்பில் சேர்த்தார். 1912-ல் தன் உதவியாளராகவும் ஆக்கினார். மைட்னருக்கு அந்த வீட்டின் இரட்டைப் பெண்கள் தோழிகள் ஆனார்கள். அணுப் பிளவை விளக்கப்போகும் பெண் பெர்லினில் தனிமை தெரியாமல் இருந்ததற்கு அந்த வீட்டு மாலைகளும் ஒரு காரணம்.

அந்த வீட்டை மரணம் ஒவ்வொரு அறையாகக் காலி செய்தது. 1909-ல் மாரீ இறந்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் மாரீயின் உறவுப் பெண் மார்காவை மணந்தார் பிளாங்க், ஹெர்மன் பிறந்தான். பின்னர் போர். ஆரம்ப ஆவேசத்தில் ஜெர்மன் ராணுவத்தை நியாயப்படுத்தி 93 அறிஞர்கள் விட்ட அறிக்கையில் பிளாங்கும் கையெழுத்திட்டார். பிறகு அதிலிருந்து பகிரங்கமாக விலகிக்கொண்டார். எர்வின் பிரெஞ்சுக்காரர்களிடம் கைதியானான். படிப்பிலும் வேலையிலும் எதிலும் நிலைக்காமல் அப்பாவுக்குக் கவலை கொடுத்துவந்த கார்ல், 1916-ல் வெர்டன் போர்க்களத்தில் காயம்பட்டு இறந்தான். போர் இல்லாவிட்டால் மகனின் அருமை தெரியாமலே போயிருக்கும், தெரிந்துகொண்ட நேரத்தில் அவன் இல்லை என்ற கருத்தில் பிளாங்க் எழுதினார். ஒரு தகப்பன் தன்னைப் பற்றி எழுதக்கூடிய வாக்கியங்களில் இதைவிடக் கொடியது சிரமப்பட்டுத் தேடினாலும் கிடைக்காது.

மறு ஆண்டு கிரேட்டே முதல் பிரசவத்தில் இறந்தாள். தாயில்லாக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போன எம்மா, 1919 ஜனவரியில் அக்குழந்தையின் தகப்பனையே மணந்துகொண்டாள். அதே ஆண்டு நவம்பரில், அவளும் பிரசவத்தில் இறந்தாள். இரட்டையர் இருவருக்கும் ஒரே முடிவு. 1918-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பிளாங்குக்கு அறிவிக்கப்பட்டதும் அதே நவம்பர் மாதத்தில்தான். துக்கம் கேட்கப் போன ஐன்ஸ்டீன் கண்ணீரை அடக்க முடியாமல் திரும்பினார். கிழவர் நிமிர்ந்துதான் நிற்கிறார், ஆனால் உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது என்று நண்பருக்கு எழுதினார். இரண்டு பேத்திகள் மிச்சம்.

இதற்கு அடுத்த ஆண்டு, 1920-ல், குருனேவால்ட் சர்ச்சில் பிளாங்க் சபை மூப்பர் ஆனார். யோபுவின் கதையைப் படித்தவர்கள் வேறு மாதிரி எதிர்பார்த்திருப்பார்கள். பிளாங்க் கடவுளிடம் கணக்குக் கேட்கவில்லை. உலகத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அது நம் சௌகரியத்துக்காக ஏற்பட்டதில்லை என்பது கொத்தனார் கதை கேட்ட நாளிலிருந்தே அவருடைய விசுவாசம். துக்கத்தில் அவர் செய்தது, மறுநாளும் அதே நேரத்துக்கு வேலைக்குப் போனதுதான்.

அந்தப் பழக்கமே 1933-ல் அவருக்கு விலங்கானது. ஹிட்லர் வந்தபோது பிளாங்குக்கு வயது 75 நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெர்மனியின் தலையாய ஆராய்ச்சி நிறுவனமான கைசர் வில்ஹெல்ம் சங்கத்தின் தலைவர். யூத விஞ்ஞானிகள் வரிசையாக வெளியேற்றப்பட்டார்கள். முப்பது பேராசிரியர்களாவது சேர்ந்து எதிர்ப்புக் குரல் கொடுப்போம் என்று ஓட்டோ ஹான் வந்து கேட்டார். முப்பது பேர் இன்று எதிர்த்தால், அந்த இடங்களைப் பிடிக்க நாளை நூற்றைம்பது பேர் வந்து நிற்பார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார் பிளாங்க். அவர் சொன்னது நிஜம்தான். ஆனாலும் அந்த முப்பது பேர் எதிர்த்திருக்க வேண்டும்.

மே மாதம் ஹிட்லரை நேரில் பார்த்தார். காற்றிலிருந்து உரம் செய்யும் வழி கண்ட யூத ரசாயன விஞ்ஞானி ஃபிரிட்ஸ் ஹேபருக்காகப் பரிந்து பேசப் போனதாக அவரே பின்னர் எழுதினார். யூதர்களில் மதிப்புள்ளவர்களும் உண்டு, மதிப்பில்லாதவர்களும் உண்டு, பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வாதாடியதாகவும் அதிலேயே எழுதியிருக்கிறார். காப்பாற்றப் போன இடத்தில் எடுத்த அந்த ஆயுதமே கறை படிந்தது. ஹிட்லர் முழங்காலில் அடித்துக்கொண்டு கத்தத் தொடங்க, கிழவர் மௌனமாக வெளியே வந்தார். மறு ஆண்டு ஒரு ஆராய்ச்சிக்கூடத் திறப்பு விழாவில் நாஜி வணக்கத்துக்குக் கையைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கி, இறக்கி, கடைசியில் ஒருவழியாக உயர்த்தினார் என்று அங்கிருந்த பால் எவால்ட் என்ற விஞ்ஞானி நினைவுகூர்ந்தார். அந்தக் கை ஏறி இறங்கியதில் ஒரு தலைமுறைப் பேராசிரியர்களின் சரித்திரம் இருக்கிறது.

ஒரே ஒரு முறை கை தயங்கவில்லை. நாட்டைவிட்டுப் போன ஹேபர் 1934 ஜனவரியில் இறந்தார். சரியாக ஓராண்டு கழித்து பெர்லினில் நினைவுக் கூட்டம் என்று பிளாங்க் அறிவித்தார். பல்கலைக்கழக ஊழியர் யாரும் போகக்கூடாது என்று கல்வி அமைச்சகம் தடை போட்டது. போலீஸ் வந்து இழுத்துக்கொண்டு போனாலொழியக் கூட்டம் நடக்கும் என்றார் பிளாங்க். நடந்தது. தடை செய்யப்பட்ட பேராசிரியர்களின் மனைவிமார்கள் கணவர்களுக்குப் பதிலாக வந்து உட்கார்ந்தார்கள். பேச வேண்டிய கார்ல் ஃபிரீட்ரிக் போன்ஹோஃபருக்கு அனுமதியில்லாததால் அவர் எழுதிக் கொடுத்ததை ஹான் வாசித்தார்.

இந்தப் போன்ஹோஃபர் குடும்பமும் 1916 முதல் வாங்கன்ஹைம் தெருவாசிகள். கார்ல் ஃபிரீட்ரிக்கின் தம்பிதான் டீட்ரிக் போன்ஹோஃபர்; ஹிட்லரை எதிர்ப்பது கிறிஸ்தவனின் கடமை என்று சொல்லி, சதியில் பங்கெடுத்து, 1945 ஏப்ரலில் தூக்கு மேடை ஏறிய பாதிரியார். ஒரே தெருவில் வேதம் இரண்டு விதமாக வாசிக்கப்பட்டிருக்கிறது.

பிளாங்கின் சொந்த வீட்டிலும் அது இரண்டு விதமாகத்தான் வாசிக்கப்பட்டது. எர்வின் அரசாங்க உத்தியோகத்தில் உயர்ந்து, ஹிட்லருக்கு முந்தைய கடைசி இரண்டு பிரதமர்களின் அலுவலகத்தில் செயலாளராக இருந்தவர். ஹிட்லர் வந்ததும் விலகிவிட்டார். தகப்பனும் மகனும் தோழர்கள் மாதிரி. எர்வின் செல்லோ வாசிப்பார். மலை ஏறவும் இருவரும் சேர்ந்தே போவார்கள். ஹிட்லருக்குப் பிறகு நாட்டை எப்படி நடத்துவது என்று ரகசியமாகத் திட்டம் போட்ட வட்டத்தில் அந்த மகன் இருந்தார்.

1944 பிப்ரவரியில் குண்டு விழுந்து குருனேவால்ட் வீடு சாம்பலானது. புத்தகங்கள், டைரிகள், நாற்பது ஆண்டுக் கடிதங்கள் எல்லாம் போயின. ஜூலை 20-ஆம் தேதி ஹிட்லர் மேல் வைத்த குண்டு குறி தவறியது. மூன்று நாளில் எர்வின் கைது. அக்டோபரில் மரண தண்டனை. 86 வயதுப் பிளாங்க் ஹிட்லருக்கு ஒரு மனு எழுதினார். தன் வாழ்நாள் உழைப்புக்கு ஜெர்மன் மக்கள் காட்டும் நன்றியாக மகனின் உயிரைக் கேட்டார். 1933-ல் ஹேபருக்காகப் போய்த் தோற்ற அதே வாசல். 1945 ஜனவரி 23-ஆம் தேதி எர்வின் தூக்கிலிடப்பட்டார்.

பிளாங்க் உறவினர்களுக்கு எழுதிய கடிதங்களில் ஒரு தகப்பனின் அழுகை இருக்கிறது. மகனைத் தன் வெளிச்சம், தன் பெருமை, தன் நம்பிக்கை என்கிறார். விதியோடு சமாதானம் ஆகும் பலத்துக்காகத் தினமும் போராடுவதாகச் சொல்கிறார். சிறு வயதிலேயே மனதில் ஊன்றிய ஒரு விசுவாசம் இருப்பதை வானம் தந்த சலுகை என்கிறார். அதே விசுவாசம் தன் கைகளைக் கட்டியதா என்று அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் கேட்காததைப் படிப்பவர் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

போரின் கடைசி வாரங்களில் எல்பே நதிக்கரையில் தங்கியிருந்த இடமும் போர்க்களமானது. முதுகெலும்பு வலியில் துடித்துக்கொண்டு காட்டிலும் வைக்கோலிலும் படுத்துக் கிடந்த கிழவரை மே மாதம் அமெரிக்கர்கள் கோட்டிங்கனுக்கு அழைத்துப் போனார்கள். 1946 ஜூலையில் லண்டனில் நியூட்டன் விழா. போரால் தள்ளிப்போன முந்நூறாவது பிறந்த நாள் அது. அழைக்கப்பட்ட ஒரே ஜெர்மானியர் பிளாங்க். கைசர் வில்ஹெல்ம் என்ற பெயர் இனி கூடாது என்று ஜெயித்த நாடுகள் சொன்னபோது, ஆராய்ச்சிச் சங்கம் அவர் பெயரைச் சூடிக்கொண்டது. மாக்ஸ் பிளாங்க் சங்கம் என்றே இன்றும் அது நடக்கிறது.

பிளாங்க் கத்தோலிக்கராகிவிட்டார் என்று 1947-ல் ஒரு வதந்தி கிளம்பியது. நிஜமா என்று கேட்டு ஒருவர் எழுதினார். ஜூன் 18-ஆம் தேதியிட்ட பதிலில் பிளாங்க், தான் எப்போதும் ஆழ்ந்த மதப்பற்று உள்ளவன்தான் என்றார். ஆனால் ஆள் உருவில் ஒரு கடவுளை நம்பவில்லை, கிறிஸ்தவர்கள் சொல்லும் கடவுளை நம்புவது அதைவிடவும் இல்லை என்றார். சபையார் யாராவது அந்தக் கடிதத்தைப் பார்த்திருந்தால் திடுக்கிட்டிருப்பார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் 'மதமும் இயற்கை விஞ்ஞானமும்' என்று அவர் ஊர் ஊராகப் பேசியதைக் கவனமாகக் கேட்டவர்கள் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள். மதத்துக்குக் கடவுள் ஆரம்பம், விஞ்ஞானத்துக்கு அவர் முடிவில் வருகிறவர் என்று அப்போதே சொல்லியிருந்தார். எந்தக் கடவுள் என்று யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி, 89-ஆம் வயதில், கோட்டிங்கனில் அவர் இறந்தார். மார்காவும் ஹெர்மனும் இருந்தார்கள். குருனேவால்ட் சர்ச்சின் மூப்பர் பதவியை அவர் கடைசி வரை விடவில்லை.